பட்டறை கேள்வி - பதில்: சூடேற்றிக் கடையலாமா?

கேள்வி: கல் கிரஷருக்கான மாங்கனீசு ஸ்டீல் வளையம், வெளிவிட்டம் 200 மி.மீ. லேத்தில் கடைந்தால் கார்பைடு இன்செர்ட்டின் (டூலில் பொருத்தும் வெட்டுத் துண்டு) முனை உதிர்ந்துகொண்டே இருக்கிறது. கேஸ் டார்ச்சால் சூடேற்றினால் இளகும் என்கிறார்களே?
- லேத் பட்டறை வாசகர், சூரமங்கலம், சேலம்

பதில்: இளகும். ஆனால் டார்ச்சைத் தொடும் முன் உங்கள் கட், அதாவது ஒரு ஓட்டத்தில் வெட்டும் ஆழம், எவ்வளவு என்று பாருங்கள். வார்ப்புப் பக்குவம் சரியாக இருந்தால் இந்த ஸ்டீலின் கடினம், பிரினெல் என்ற அளவுகோலில் 200 அளவுதான் இருக்கும். டூல் தேய்க்கத் தேய்க்க மேல்தோல் 500 வரை இறுகிவிடும். 0.3 மி.மீ. கட் வைத்துத் தடவினால், அடுத்த ஓட்டத்தில் இன்செர்ட் அந்தத் தோலில்தான் மோதும். கட் 2 மி.மீ., ஃபீடு (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) 0.3 மி.மீ., நிமிடத்துக்கு 40 சுற்று வைத்து, நடுவில் நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். பல நேரம் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

முடியாவிட்டால்தான் டார்ச். அதைக் கையில் பிடிக்காதீர்கள். டூலைத் தாங்கி நகரும் சேடிலில் கிளாம்ப் போட்டால் டூலோடு நகரும். சுடர், டூலுக்கு 40-50 மி.மீ. மேலே, இனி வெட்டப்போகும் இடத்தில் பட வேண்டும். வளையத்தைப் பிடித்திருக்கும் சக் சுற்றத் தொடங்கிய பிறகே சுடர். நிறுத்தும்போது முதலில் சுடர், பிறகு சக். மாறினால் ஒரே இடம் சிவந்துபோகும்.

சூடு சீவலோடு வெளியேற வேண்டும், வளையத்துக்குள் இறங்கக் கூடாது. 300 டிகிரிக்கு மேல் நெடுநேரம் நின்றால் ஸ்டீலுக்குள்ளேயே கார்பைடு (இன்செர்ட்டினுடையது அல்ல, ஸ்டீலில் உள்ள கார்பன் சேர்ந்து உண்டாவது) பிரிந்து படியும்; கிரஷரில் கல் விழுந்ததும் வளையம் வெடிக்கும். மீட்க 1050 டிகிரிக்கு ஏற்றித் தண்ணீரில் முக்க வேண்டும், அதில் அளவு கோணிவிடும். அதனால் வளையத்தின் உள்பக்கத்தில் 250 டிகிரி வெப்பக் கிரேயானால் ஒரு கோடு போடுங்கள். கோடு உருகினால் சுடரை அணைத்துவிட வேண்டியதுதான்.

கூலன்ட் வேண்டாம், சூடான கார்பைடு நீர்பட்டால் கீறல் விடும். கடைசி 1 மி.மீ.யைச் சுடரில்லாமல், ஆறிய பிறகு எடுங்கள். 100 டிகிரி சூடு கூடுதலாக இருந்தாலே 200 மி.மீ. விட்டம் சுமார் 0.36 மி.மீ. ஊதியிருக்கும், அப்போது மைக்ரோமீட்டர் வைத்துப் பயனில்லை.

கேள்வி: டைட்டானியத்துக்கும் இதே முறை சரிவருமா?
- வாசகர், அயோத்தியாப்பட்டணம்

பதில்: டார்ச் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மேல்தோல் இன்னும் கெட்டியாகி நொறுங்கும். மெல்லிய சீவல் தீப்பிடிக்கவும் கூடும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றினால் பெரிதாகும், காய்ந்த மணல்தான் போட வேண்டும். வேகத்தைக் குறைத்து, கூர்மையான இன்செர்ட்டில், கூலன்ட்டைத் தாராளமாகப் பாய்ச்சிக் கடையுங்கள்.