வீடு மாறும் தேதி நெருங்குகிறது, ஒரு அலமாரிகூடக் காலியாகவில்லை

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு, வணக்கம்.

எனக்கு வயது 44. வேலைக்குப் போகிறேன். கணவர், பள்ளி இறுதியாண்டு படிக்கும் மகன், பத்து வயது மகள். இன்னும் ஐந்து வாரத்தில் வீடு மாறுகிறோம். இப்போது இருப்பது மூன்று அறையும் பெரிய பரணும் உள்ள வீடு. போகப் போவது இரண்டு அறை வீடு, பரணே கிடையாது. 'பாதிச் சாமானைக் கழித்தால்தான் நாம் உள்ளே நுழைய முடியும்' என்று வீட்டைப் பார்த்த அன்றே கணவர் சொல்லிவிட்டார். அந்தப் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது.

நானும் தினமும் வேலை முடிந்து வந்ததும் ஆரம்பிக்கிறேன். ஒரு அலமாரியைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் கட்டிலில் கொட்டுவேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பேன். இது வேண்டுமா, வேண்டாமா? யாருக்காவது கொடுத்துவிடலாமா? கொடுத்த பிறகு தேவைப்பட்டால்? இப்படியே மணி பத்தாகிவிடும். படுக்க இடம் வேண்டுமே என்று எல்லாவற்றையும் அள்ளித் திரும்ப உள்ளே திணித்துவிடுவேன். மறுநாள் வேறு அலமாரி, அதே கதை.

அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். அவருடைய தகரப் பெட்டி, சட்டைகள், மூக்குக் கண்ணாடிகள், தினமும் செலவுக் கணக்கு எழுதிய டைரிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. டைரியில் பெரிதாக ஒன்றும் இருக்காது. பேனாவுக்கு ரீஃபில், சைக்கிளுக்குக் காற்று, 'பாப்பாவுக்கு ரிப்பன்'. அந்தப் பாப்பா நான்தான். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் பெட்டியை மூடியவள், அப்புறம் திறக்கவே இல்லை. அண்ணனிடம் கேட்டால், 'அப்பாவோட சாமான் எதையும் வெளியே போட்டுடாதே' என்கிறான். 'சரிண்ணா, பாதியை நீ எடுத்துட்டுப் போ' என்றால், 'எங்க வீட்ல இடம் ஏது?' என்கிறான்.

இன்னொன்று, என் தையல் மெஷின். கல்யாணமான புதிதில் தையல் கற்றுக்கொண்டு, வீட்டிலேயே சின்னதாகத் தொழில் தொடங்கலாம் என்று வாங்கினேன். பையன் பிறந்தான், அப்புறம் வேலை கிடைத்தது, எல்லாம் அப்படியே நின்றுபோனது. மெஷினோடு இருக்கும் பெட்டியில், அளவுக் காகிதத்தைக் குண்டூசியால் குத்தி வெட்டி வைத்த குழந்தைச் சட்டைத் துணி ஒன்று இன்னும் இருக்கிறது. குண்டூசிகள் துருப்பிடித்து, துணியில் பழுப்பாகப் புள்ளிகள் இறங்கியிருக்கின்றன. தைக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

கணவர், 'கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் தூக்கிப் போடு' என்கிறார். ஆனால் அவருடைய பழைய சார்ஜர்களும் ஒயர்களும் ஓடாத ரேடியோவும் இருக்கிற பெட்டியைத் தொட்டால் மட்டும், 'இரு இரு, அது வேணும்' என்பார்.

பொருட்களை விட முடியாமல் சேர்த்து வைப்பது ஒரு மனநோய் என்று எங்கோ படித்தேன். அதிலிருந்து பயமாக இருக்கிறது. எனக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா? இந்த ஐந்து வாரத்தில் எப்படி முடிப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்தைப் பார்த்துவிடுவோம். நீங்கள் படித்தது பதுக்கல் கோளாறு பற்றியதாக இருக்கும். ஹோர்டிங் டிஸார்டர் என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 என்ற கையேட்டில்தான் அது தனி நோயாக இடம்பெற்றது. மதிப்பு இருக்கிறதோ இல்லையோ, எதையும் கழிக்க முடியாத நிலை தொடர்ந்து இருக்கும். கழிக்க வேண்டும் என்ற நினைப்பே பெரும் தவிப்பைத் தரும். சாமான் குவிந்து குவிந்து, சமையலறையில் சமைக்க முடியாது, நாற்காலியில் உட்கார முடியாது. யாராவது தலையிட்டு ஒழித்துக் கொடுத்தால்தான் வழி பிறக்கும். உங்கள் வீட்டிலோ, இரவு பத்து மணிக்கு எல்லாவற்றையும் அள்ளி வைத்துவிட்டு அதே கட்டிலில் படுத்துத் தூங்குகிறீர்கள். கட்டில் இன்னும் கட்டிலாகத்தான் இருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நோயின் சாயல் எனக்குத் தெரியவில்லை. புது வீட்டிலும் அறைகள் புழங்க முடியாதபடி நிறைந்து, அதனால் அன்றாட வாழ்க்கை தடுமாறினால், அப்போது மனநல நிபுணர் ஒருவரை நேரில் பாருங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

சரி, பிறகு ஏன் முடியவில்லை? ஒரு அலமாரியில் இருநூறு பொருள் இருந்தால், அதைக் கட்டிலில் கொட்டிய நிமிடத்தில் இருநூறு தீர்ப்பு சொல்லும் பொறுப்பு உங்கள் மேல் வந்துவிடுகிறது. அதுவும் நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்த பிறகு. அப்பாவின் டைரியும் காலாவதியான இருமல் மருந்தும் ஒரே குவியலில் கிடந்தால் யாரால்தான் முடியும்? உங்களை மலைக்க வைப்பது அந்த முடிவுகளின் எண்ணிக்கை. அதைக் குறைத்தால் சாமான் தானாகக் குறையும்.

அதற்கு நான் சொல்லும் முதல் வேலை இந்த வீட்டில் இல்லை. ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போய், அங்கே இருக்கும் ஒவ்வொரு தட்டையும் அளந்து எழுதி வாருங்கள். கட்டிலும் பீரோவும் நுழையுமா என்று வாசல் நிலையின் அகலத்தையும் பாருங்கள். புத்தகத்துக்கு அங்கே இரண்டு தட்டுதான் என்றால், இனி ஒவ்வொரு புத்தகத்தையும் புரட்டி 'இதைக் கொடுத்துவிடலாமா?' என்று தவிக்க வேண்டாம். பிடித்தவற்றை முதலில் அடுக்குங்கள். இரண்டு தட்டு நிறைந்ததும் நிறுத்துங்கள். மிச்சம் இருப்பவை யாருக்கோ போக வேண்டியவை. எதைக் கழிப்பது என்று தேடினால் எல்லாமே வேண்டும்போலத் தோன்றும். எதை முதலில் எடுத்து வைப்பது என்றால் கை தானாகப் போகும்.

கையில் இருக்கிற பொருளுக்கு நாம் மனதுக்குள் கூடுதல் மதிப்புப் போடுகிறோம் என்பதை உளவியலாளர் டேனியல் கானமனும் சகாக்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் கோப்பை ஒன்றைக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் முன்பு கையில் வந்த அந்தக் கோப்பையை விற்க அவர்கள் கேட்ட விலை, கோப்பை இல்லாதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. சில நிமிட உறவுக்கே இப்படியென்றால் இருபது வருடம் பரணில் இருந்ததற்குக் கேட்கவா வேண்டும்? எனவே தயங்கும் இடத்தில் கேள்வியை மாற்றிப் பாருங்கள்: 'இது என்னிடம் இல்லையென்றால், இன்று தேடிப் போய் வாங்குவேனா?'

காலக் கணக்கிலும் கொஞ்சம் கறாராக இருங்கள். 1994-இல் உளவியலாளர் ரோஜர் பியூலரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்தார்கள். ஆனது சுமார் 55 நாள். வீடு ஒழிப்பதிலும் நம் கணக்கு அப்படித்தான் தப்பும். கையில் மூன்று வாரம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நாட்களில் மாலை ஒரு இழுப்பறை போதும், முழு அலமாரி வேண்டாம். நினைவு எதுவும் ஒட்டாத இடத்திலிருந்து தொடங்குங்கள்: மருந்து டப்பா, குளியலறை, மூடி இல்லாத டப்பாக்கள், என்றோ போய்விட்ட மிக்ஸியின் உத்தரவாத அட்டை. இவற்றில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அப்புறம் துணி, பாத்திரம், புத்தகம். பரண் சாமானுக்கு ஒரு விடுமுறை நாள். போட்டோ ஆல்பத்தை மட்டும் இப்போது திறக்கவே திறக்காதீர்கள், அப்படியே கட்டி எடுத்துப் போங்கள். ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வீடு ஒழித்தவர் யாரும் இல்லை. பத்திரங்கள், சான்றிதழ்கள், மருத்துவ அறிக்கைகள் எல்லாம் ஒரே பையில். அந்தப் பை லாரியில் ஏறக் கூடாது, உங்கள் கையோடு வர வேண்டும்.

கழித்ததை மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டு 'முடிந்தது' என்று நினைக்காதீர்கள். இரண்டு நாளில் மூட்டை மெல்லப் பிரியும், பாதி உள்ளே வந்துவிடும். யார் வாங்கிக்கொள்வார்கள், என்றைக்கு எடுக்க வருவார்கள் என்பதை முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள். அடுக்கி வைக்க அழகழகான பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கும் ஆசை வரும். இப்போது வேண்டாம். கழிக்க வேண்டியதைக் காசு கொடுத்துப் பத்திரப்படுத்துவதாகத்தான் அது முடியும்.

இனி தையல் மெஷின். அதை எழுதும்போதுதான் உங்கள் கடிதம் மெதுவாகிறது. அது இரும்புச் சாமான் மட்டும் என்றால் இத்தனை யோசனை வந்திருக்காது. வீட்டிலிருந்தே தொழில் செய்யப் போகிறேன் என்று நினைத்த ஒரு பெண் அதில் இருக்கிறாள். மெஷினைக் கொடுத்தால் அவளையும் கைவிட்டதாகிவிடும் என்று தோன்றுகிறது, இல்லையா? இப்படிப்பட்ட பொருட்கள் பலர் வீட்டில் உண்டு, ஏறாத சைக்கிள், பாதியில் நின்ற பாடப் புத்தகங்கள் என்று. அந்தப் பெண் தோற்றுப்போகவில்லை, அவளுக்கு வேறு வேலை வந்தது. அவள் சார்பில் யோசிக்காமல், இன்றைய நீங்கள் பதில் சொல்லுங்கள்: இப்போது தைக்க ஆசை இருக்கிறதா? இருந்தால் மெஷின் கட்டாயம் வரட்டும். ஆனால் புது வீட்டில் அது நிற்கப் போகும் இடத்தை இப்போதே குறித்துவிடுங்கள், முதல் மாதத்திலேயே எண்ணெய் போட்டு ஓட்டுங்கள். ஆசை இல்லையென்றால், தைக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். வருடக்கணக்காக ஓடாமல் இருப்பதைவிட மெஷினுக்கும் அது நல்லது.

துருப்பிடித்த குண்டூசியோடு இருக்கும் துணியை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். மெஷின் போனால் அதுவும் போக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஊசிகளை எடுத்துவிட்டு மடித்தால் உள்ளங்கை அளவுதான் வரும். வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவின் பெட்டியைக் கடைசியாக எடுங்கள், விடுமுறை நாள் காலையில், உடம்பு களைக்காத நேரத்தில். மூன்று வருடம் கழித்தும் அழுகை வருகிறதே என்று கவலைப்படாதீர்கள். ரிப்பன் கணக்கைப் பார்த்து அழாமல் வேறு என்ன செய்வது? அப்பாவின் நினைவு அந்தச் சாமான்களில் சம அளவில் பரவி இருக்காது. டைரிகளில் அவர் கையெழுத்து இருக்கிறது, அவை அனைத்தும் வரட்டும், பெரிய இடம் பிடிக்காது. சட்டைகளில் ஒன்று, கண்ணாடிகளில் ஒன்று போதுமா என்று பாருங்கள். மற்றவற்றைப் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பழைய பொருட்களை நன்கொடையாகத் திரட்டிய அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில், 'நினைவுள்ள பொருளைப் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள்' என்று சொன்ன இடத்தில் வழக்கமான அறிவிப்பு ஒட்டிய இடத்தைவிட அதிகப் பொருட்கள் சேர்ந்தன. மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து பாருங்கள். ரிப்பன் வாங்கிய பக்கம் அவளுக்கும் பிடிக்கும்.

பிள்ளைகளின் சாமானைக் கேட்காமல் கழிக்காதீர்கள். மகனின் படிப்பு மேசை கடைசியாகக் கட்டப்பட வேண்டும், அங்கே போனதும் முதலில் பிரிக்கப்பட வேண்டும்.

கணவரின் ஒயர் பெட்டியிலும் நீங்கள் கை வைக்க வேண்டாம். அவர் இல்லாத நேரத்தில் எறிந்தால் ஒயர் போகும், சண்டை வரும். ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்து, 'இதில் அடங்குவதெல்லாம் உங்களுடையது' என்று சொல்லிவிடுங்கள். எது எந்தச் சாதனத்துக்கு என்று அவருக்கே தெரியாத சார்ஜர்கள் தாமாக வெளியே வரும். பழைய போன்களில் இருக்கும் தகவல்களை அழிக்கவும், பேட்டரிகளைச் சாதாரணக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்க்கவும் அவரிடமே விடுங்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும்.

அண்ணன் விஷயம். எதையும் விடக் கூடாது, ஆனால் எதையும் சுமக்கவும் மாட்டேன் என்றால் அந்தப் பாரம் முழுக்க உங்கள் மேல்தான் வரும். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைக்கவில்லை. கடைசிக் காலத்தில் அப்பா உங்களோடு இருந்தார். தூரத்திலிருந்து இழந்தவருக்குச் சாமான்களாவது அப்படியே இருக்கட்டும் என்ற ஆசை இருக்கலாம். ஆனால் ஆசைக்கும் ஒரு தேதி வேண்டும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'அண்ணா, அப்பாவோட சாமானை எல்லாம் படம் எடுத்து அனுப்புறேன். உனக்கு எது எது வேணும்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு. அதை அடுத்த வாரம் நீ வந்து எடுத்துட்டுப் போயிடணும். மீதியை நான் பார்த்துக்கறேன்.' கூடவே, அப்பா அடிக்கடி பயன்படுத்திய பொருள் ஒன்றை நீங்களாகவே அவருக்கென்று எடுத்து வையுங்கள். ஞாயிறு தாண்டியும் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவுபடுத்துங்கள். அதற்கும் பதில் வராவிட்டால், முடிவை உங்களிடம் விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடருங்கள்.