திட ஆக்சைடு எரிபொருள் கலத்துக்கு ஏன் அவ்வளவு சூடு தேவை?

"ஹைட்ரஜன் காரில் இருக்கும் எரிபொருள் கலம் 80 டிகிரியிலேயே ஓடுகிறதே, இதற்கு மட்டும் ஏன் 800?" என்று கேட்டிருக்கிறீர்கள். எரிபொருள் கலம் என்பது எரிபொருளை எரிக்காமல், ஆக்சிஜனோடு வினைபுரிய வைத்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் சாதனம். காரணம் அதன் இரு மின்முனைகளுக்கும் நடுவில் இருக்கும் மின்பகுளி, அதாவது அயனிகளைக் கடத்தும் அடுக்கு. காரில் அது ஈரமான பாலிமர் படலம். இங்கே சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) என்ற பீங்கான்; அதன் வழியே ஆக்சிஜன் அயனிகள் நகர வேண்டும்.

சுத்தமான சிர்கோனியா இதற்கு உதவாது. அதில் சுமார் 8 மோல் சதவீதம் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலப்பார்கள். சிர்கோனியம் அயனியின் மின்னூட்டம் +4, இட்ரியத்துக்கு +3. இரண்டு இட்ரியம் உள்ளே நுழைந்தால், மின்னூட்டக் கணக்கு நேராக ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகும். பக்கத்து ஆக்சிஜன் அயனி அந்த இடத்துக்குத் தாவும், பஸ்ஸில் காலி சீட்டுக்கு நகர்வது மாதிரி. ஆனால் ஒவ்வொரு தாவலுக்கும் ஏறத்தாழ 1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தடை உண்டு. அறை வெப்பநிலையில் அது நடக்கிற காரியமில்லை. 1890களின் இறுதியில் ஜெர்மன் வேதியியலாளர் நெர்ன்ஸ்ட் செய்த விளக்கிலும் இதே கதைதான்: பீங்கான் தண்டை முதலில் சூடாக்கினால்தான் மின்சாரமே பாயும்.

சூட்டால் லாபமும் உண்டு. வினையூக்கியாகப் பிளாட்டினம் வேண்டாம், நிக்கல் போதும். காரின் கலத்துக்கு விஷமான கார்பன் மோனாக்சைடு இதற்கு எரிபொருள்.

தலைவலி ஆயுள்தான். கலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தகட்டின் எஃகிலிருந்து குரோமியம் ஆவியாகிக் காற்று மின்முனையைக் கெடுக்கும். சூடாக இருக்கும்போது எரிபொருள் பக்கம் காற்று கசிந்தால் நிக்கல் ஆக்சைடாகி வீங்கும், பீங்கான் விரிசல் விடும். அதனால்தான் மின்பகுளியைச் சுமார் 10 மைக்ரானுக்கு மெலிதாக்கி, அயனி கடக்க வேண்டிய தூரத்தைக் குறைத்து, வெப்பநிலையை 700 டிகிரிக்கோ அதற்கும் கீழோ இறக்கப் பார்க்கிறார்கள். என் கணிப்பில், புதுப் பொருட்களைவிட இந்த வழிதான் இதுவரை அதிகம் கைகொடுத்திருக்கிறது.