95,000 ரூபாய்க்குப் பழைய கேமிங் லப்டொப்: வாங்கலாமா?

கேள்வி: சொந்த இடம் புதுக்குடியிருப்பு. கிளிநொச்சியில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை, போடிங்கில் இருக்கிறேன். சம்பளம் 55,000, மாதம் 12,000 மிச்சம் பிடிக்கிறேன், கையில் 120,000 இருக்கிறது. அம்மாவின் சங்கிலி 80,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது, மாதம் 1,200 வட்டியை நான்தான் கட்டுகிறேன். வவுனியாவில் ஒரு கடையில் பழைய கேமிங் லப்டொப் பார்த்தேன்: ஐ7 நாலாம் ஜெனரேசன், 16 ஜீபி ரம், 2 ஜீபி கிராபிக்ஸ், விலை 95,000. 35,000 முதலில் கட்டினால் மிச்சத்தை மாதம் 6,500 படி 12 மாதத்தில் கட்டலாமாம். கேம் விளையாடத்தான், பிறகு வீடியோ எடிட்டிங் பழகி உழைக்கவும் எண்ணம். 3,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா?

பதில்: தம்பி, லப்டொப் வாங்குங்கள். ஆனால் இந்த லப்டொப் வேண்டாம், இந்த மாதமும் வேண்டாம்.

நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு இரவில் கொஞ்ச நேரம் கேம் விளையாட ஆசைப்படுவது ஊதாரித்தனம் இல்லை. அதற்கு வீடியோ எடிட்டிங் என்று ஒரு காரணம் சேர்க்கவும் தேவையில்லை, சேர்த்தால் இன்னும் வராத உழைப்பைக் கணக்கில் பிடித்து, போட்ட காசு எப்படியும் திரும்பி வரும்தானே என்று மனம் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடும். விளையாட்டுச் செலவு என்றே வைத்துக் கணக்குப் பார்ப்போம்.

முதலில் அந்தத் தவணைக் கதையை விடுங்கள். 6,500 படி 12 மாதம் என்றால் 78,000, முதல் கட்டும் 35,000 சேர்த்து 113,000. 60,000 ரூபாய்க் கடனுக்கு 18,000 கூடக் கட்டுகிறீர்கள். வருடத்துக்கு 30 வீதம்தானே என்று தோன்றும், ஆனால் மாதாமாதம் முதலும் குறைந்துகொண்டு வருவதால் உண்மையான வட்டி மாதத்துக்கு 4 வீதத்துக்கும் மேல் வருகிறது. நுண்கடன் வாங்கி எங்கள் பக்கத்துச் சனம் பட்ட பாடு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விளையாட்டுச் சாமானுக்கு அந்த மாதிரி வட்டி கட்டவே கூடாது.

சரி, கைக்காசுக்கு வாங்கினால்? அட்வான்ஸ் போக 92,000 கட்டினால் கையில் மிச்சம் 28,000. சங்கிலி தொடர்ந்து அடகில், வருடத்துக்கு 14,400 வட்டி, அதாவது 18 வீதம். பவுண் இன்று இருக்கிற விலைக்கு, தவணை தவறி அது ஏலத்துக்குப் போனால் அதே சங்கிலியைத் திரும்பச் செய்விக்க உங்களால் முடியாது. ஆகவே முதலில் 80,000 கட்டிச் சங்கிலியை மீட்டு அம்மாவிடம் கொடுங்கள். கையில் 40,000 நிற்கும், வட்டிக் காசு 1,200 உம் இனி உங்களுக்கே மிஞ்சுவதால் மாதம் 13,200 சேரும், ஏழு மாதத்தில் 132,400 ஆகிவிடும். அப்போது 95,000 செலவழித்தாலும் 37,400 கையில் இருக்கும், சங்கிலியும் வீட்டில் இருக்கும். ஏழு மாதம் உங்கள் வயதுக்கு நீளமாகத்தான் தெரியும், ஆனால் பழைய லப்டொப் எப்போதும் சந்தைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது.

இனி மெஷினைப் பற்றி. ஐ7 என்ற இன்டெல் புரொசசர் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், எத்தனையாவது ஜெனரேசன் என்பதுதான் முக்கியம். நாலாம் ஜெனரேசன் 2013இல் வந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்பு அப்டேட்களை, 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டார்கள், விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் ஜெனரேசனாவது வேண்டும். எப்படியோ வளைத்து 11ஐப் போட்டுக் கொடுப்பார்கள், ஆனால் வலோரண்ட் போன்ற கேம் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் இல்லாவிட்டால் திறக்காது. 2015இல் கொம்பியூட்டருக்கு வந்த ஜீடிஏ 5 ஓடும், ஓடாது என்று சொல்லமாட்டேன். புதிய கேம்களுக்கு 2 ஜீபி கிராபிக்ஸ் போதாது, ரம்மையும், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியையும் பிறகு கூட்டலாம் என்றாலும் லப்டொப்பில் கிராபிக்ஸ் பெரும்பாலும் போர்டோடு ஒட்டியே வரும், மாற்ற ஏலாது. எட்டாம் ஜெனரேசன் அல்லது அதற்கு மேல், கிராபிக்ஸ் ஜீடிஎக்ஸ் 1650 4 ஜீபி, இதைக் குறைந்தபட்சமாக வைத்துத் தேடுங்கள்.

வாங்கப் போகும்போது உங்கள் கேமை ஒரு டிரைவில் கொண்டுபோய், கடையிலேயே சார்ஜரில் போட்டு அரை மணித்தியாலமாவது ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் ஓடும், சூடு ஏறிய பிறகு வேகம் விழுகிறதா என்பதுதான் கேள்வி, அதுவும் கடையின் ஏசிக்குள் பார்த்துவிட்டு நாங்கள் ஓட்டப்போவது வன்னி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே. பழையதில் பற்றரி செத்துத்தான் இருக்கும் என்று எண்ணி, அதற்கும் உள்ளே தூசி தட்டி, புரொசசர் சூட்டை இழுக்கும் பேஸ்டைப் புதிதாகப் பூசுவதற்கும் காசு ஒதுக்குங்கள். வாரண்டி எத்தனை நாள் என்பது பில்லில் எழுதியிருக்க வேண்டும், வாய்ப்பேச்சு காணாது. அப்புறம் டேட்டா: பெரிய கேம் ஒன்று நூறு ஜீபியைத் தாண்டுவது இப்போது சாதாரணம், போடிங்கில் போன் டேட்டாவில் இறக்கினால் அந்த மாதச் சேமிப்பில் ஒரு துண்டு அதற்கே போய்விடும்.

அந்த 3,000. நேரில் போய், வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லித் திருப்பிக் கேளுங்கள், முழுதாகத் தராவிட்டால் ஒரு பகுதியாவது கேளுங்கள். ஒரு சதமும் தரமாட்டேன் என்றாலும் விட்டுவிட்டு வாருங்கள், 3,000 போய்விட்டதே என்பதற்காக மிச்சம் 92,000ஐயும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம்.