ஆடிட்டரிடம் கேளுங்கள்: பக்தியும் பற்று வரவும்

கோயில் கமிட்டி, பள்ளிவாசல் ஜமாஅத், சர்ச் சபை என்று மதுரையில் மூன்று பக்கத்துக் கணக்கும் பார்க்கிற ஆடிட்டர் நான். "சாமி கும்பிடுகிறவர்களே இப்படி நடந்துகொண்டால் அந்தச் சாமி மேல் யாருக்கு மரியாதை வரும்?" என்பதுதான் இந்த முறைத் தலைப்பு. கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததற்கு நீளமாகச் சொல்கிறேன், தெரியாததற்கு வழி காட்டி அனுப்பிவிடுகிறேன். எந்தக் கமிட்டி என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

திருநகர்: எங்கள் முதலாளி வருஷா வருஷம் மாலை போட்டு மலைக்குப் போகிறார். கன்னிச்சாமிகளுக்கு அவர் செலவில் அன்னதானம். போனஸ் கேட்டால் மட்டும் "இந்த வருஷம் யாவாரம் டல்லு" என்கிறார். இது என்ன பக்தி சார்?

அவர் பக்தியை அளக்க என்னிடம் படி இல்லை. போனஸைப் பற்றிச் சொல்கிறேன். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடம், உங்கள் சம்பளமும் சட்டம் வைத்த வரம்புக்குள் இருக்கிறது என்றால், குறைந்தது 8.33 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும். லாபம் இல்லை என்பது சாக்கு ஆகாது. புதிதாகத் தொடங்கிய தொழிலுக்குச் சில வருஷம் விலக்கு உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, போனஸ் அவர் உங்களுக்குப் பட்டிருக்கும் கடன். கன்னிச்சாமிக்குப் போடுகிற சோறுதான் தர்மம். கடனை நிறுத்திவைத்துவிட்டுத் தர்மம் செய்கிறார். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

இன்னொன்று. யாத்திரைச் செலவைக் கடைக் கணக்கில் "விளம்பரம்" என்று எழுதச் சொன்ன முதலாளிகளையும் பார்த்திருக்கிறேன். ஐயப்பனுக்கே தெரியாமல் அவர் விளம்பரச் செலவாகிவிட்டார்.

செல்லூர்: கமிட்டியில் கை வைக்கிறார்கள் என்று ஊரே பேசுகிறது. ஆனால் வரவு செலவு வாசிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணே?

தம்பி, இது என் பேட்டை. வாசிக்கிற காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கட்டுக் கட்டாக இருக்கிற பில்லைக் கேளுங்கள். ஒரு கமிட்டியில் அன்னதானத்துக்கு அரிசி, பருப்பு வாங்கிய பில்கள் வந்தன. சித்திரையில் ஒன்று, ஆடியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று. தொகையெல்லாம் நியாயமானதுதான். பில் நம்பரைப் பார்த்தால் 41, 42, 43. சித்திரைக்கும் புரட்டாசிக்கும் நடுவில் அந்த மளிகைக் கடைக்காரர் வேறு ஒருவருக்கும் ஒரு கிலோ பருப்பு கூட விற்கவில்லையாம். மூன்றிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. "ஐந்து" என்று எழுதும்போது ஐயன்னாவின் சுழி மூன்றிலும் ஒரே மாதிரி மேலே ஏறி நின்றது.

அடுத்தது கூலி வவுச்சர். விடியக் கருக்கலில் வந்து அண்டா ஏற்றுகிற சமையல்காரருக்கு ஒரு தொகை கொடுத்து, அதைவிடப் பெரிய தொகையில் ரேகை வாங்கியிருப்பார்கள். கேட்டால், "மீதியை அவரே அம்மனுக்குக் காணிக்கையாக விட்டுவிட்டார்" என்பார்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், அம்மனுக்கு என்ன விட்டார் என்று.

இவர்கள் எல்லோரும் பொய்யாகச் சாமி கும்பிடுகிறவர்கள் என்று நினைக்காதீர்கள். அந்தப் பொருளாளர் தீ மிதித்தவர். கண்ணில் தண்ணீர் வரக் கும்பிடுவார். ரெண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கிறது. எனக்கு அதுதான் இன்னும் பிடிபடவில்லை.

நான் எப்போதும் சொல்வது: ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஜிபேயிலோ செக்கிலோ கொடுங்கள்.

வில்லாபுரம்: ஏன் சார் இந்துக் கோயிலை மட்டும் சொல்கிறீர்கள்?

கீழே படியுங்கள்.

மஹபூப்பாளையம்: எங்கள் ஜமாஅத்தில் வட்டிக்கு விடுகிறவர் தொழுகையில் முதல் ஸஃப்பில், அதாவது முதல் வரிசையில் நிற்கிறார். பக்கத்துத் தெரு ஆட்கள் அவரைக் காட்டி எங்கள் மார்க்கத்தையே கேலி பேசுகிறார்கள். என்ன பதில் சொல்ல, பாய்?

வட்டி கூடாது என்று குர்ஆனில் இருப்பது அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், பக்கத்துத் தெருவுக்கும் தெரியும். அதனால்தான் கேலி. 107-ஆவது அத்தியாயம் ஏழே வசனம். அநாதையை விரட்டுகிறவன், ஏழைக்குச் சோறு போடத் தூண்டாதவன், பிறர் பார்ப்பதற்காகத் தொழுகிறவன், அண்டை வீட்டுக்காரர் கேட்கிற சின்னப் பொருளைக் கூடக் கொடுக்காதவன். இவர்களைத்தான் கண்டிக்கிறது. தொழாதவனைப் பற்றி அங்கே பேச்சே இல்லை, கவனமில்லாமல் தொழுகிறவனுக்குத்தான் கேடு என்கிறது. கேலி பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அவரைப் பற்றி முதலில் புகார் எழுதியது உங்கள் வேதம்தான்.

நான் கணக்கில் பார்க்கிறது ஜகாத், ஏழைகளுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டிய பங்கு. இரண்டரை சதவீதத்தைக் காசு சுத்தமாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் வாங்குகிற விதவையை நிற்க வைத்துப் பையைக் கையில் கொடுத்து வீடியோ எடுக்கிற பழக்கம் இப்போது வந்திருக்கிறது. அதற்கு எந்தச் சதவீதமும் சரிக்கட்டாது.

ஞானஒளிவுபுரம்: எங்கள் சொந்த ஊர்க் கல்லறையில் இன்னும் சாதிக்கு ஒரு பக்கம். ஞானஸ்நானம் எதற்கு எடுத்தோம் என்று என் மகன் கேட்கிறான்.

மகன் கேட்டது சரிதான். இது இன்று முளைத்ததும் இல்லை. 1606ல் நொபிலி என்ற இயேசு சபைப் பாதிரியார் மதுரைக்கு வந்து காவி கட்டிச் சந்நியாசி போல வாழ்ந்தார். மேல்சாதிக்காரர்களைச் சேர்க்க அவர்களோடு மட்டும் புழங்கினார். மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று தனிக் குருக்கள் வந்தார்கள். ஆள் சேர்ப்பதற்காகச் செய்த ஏற்பாடு, கல்லறை வரைக்கும் கூடவே வந்துவிட்டது. "பரிசேயர்களே, வெள்ளையடித்த கல்லறைகளே" என்று மத்தேயு 23-ல் இயேசு திட்டுகிற இடத்தை மகனுக்குக் காட்டுங்கள். பங்குத்தந்தையிடமும் காட்டுங்கள்.

பெத்தானியாபுரம்: கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்தால் 80ஜி வரிச் சலுகை கிடைக்குமா?

முழுக்க மதக் காரியத்துக்கான அமைப்பு என்றால் பொதுவாகக் கிடையாது. அரசு அறிவித்த சில புகழ்பெற்ற வழிபாட்டு இடங்களின் திருப்பணிக்கு உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்கும் இல்லை. புதிய வரிமுறையில் இருந்தால் கேள்வியே இல்லை. ஐயாயிரம் வாங்கிக்கொண்டு ஐம்பதாயிரத்துக்கு ரசீது தருகிறேன் என்று எவனாவது வந்தால், அவன் எந்த மதமானாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அனுப்பானடி: கடவுள் இருக்கிறாரா?

தணிக்கை வரம்புக்குள் வரவில்லை.

மேலூர்: மனிதர்களைப் பார்த்து மதத்தை எடை போடக் கூடாது. தப்பு செய்கிறவன் உண்மையான பக்தனே இல்லை. சரிதானே அய்யா?

வசதியான பதில். நல்லவன் என்றால் எங்கள் ஆள், கெட்டவன் என்றால் எங்கள் ஆளே இல்லை. லாபத்தை மட்டும் எழுதி நஷ்டத்தை விட்டுவிடுகிற கணக்கு இது, நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

உங்கள் பக்கத்துக் கதையையே எடுப்போம். 1939 ஜூலை 8, மீனாட்சி கோயில். காங்கிரஸ்காரரான வைத்தியநாதய்யர், அதுவரை கோயிலுக்குள் விடாத சாதிகளைச் சேர்ந்த தும்பைப்பட்டி கக்கன் முதலானவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு வரவேற்றார். பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசைக்கு வர மறுத்தார்கள். மீனாட்சியே கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லி, ஒரு வீட்டில் தனியாக வழிபாடு நடத்தினார்கள். ரெண்டு பக்கமும் நெற்றி நிறையத் திருநீறு. இதில் யார் "உண்மையான பக்தன் இல்லை"?

சிம்மக்கல்: மறுத்தவர்களைப் போலிகள் என்கிறீர்களா? அவர்கள் ஆகமத்தை நம்பினார்கள்.

போலி என்று நான் சொல்லவில்லையே. நம்பித்தான் செய்தார்கள், வருமானத்தையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்கள். நான் சொல்ல வந்ததே அதுதான். போலித்தனம் சின்ன வியாதி. பில் நம்பர் 41, 42 போட்ட பொருளாளருக்கு, தான் செய்வது தப்பு என்று தெரியும், அதனால்தான் மறைக்கிறார். சக மனுஷனை வாசலில் நிறுத்துவதே புண்ணியம் என்று மனசார நம்புகிறவர் எதையும் மறைக்க மாட்டார். அவரைத் திருத்துவதுதான் கஷ்டம்.

மேலூர்: வைத்தியநாதய்யர் மட்டும் என்ன, சட்டம் கையில் இருந்ததால் செய்தார்.

தப்பு. நுழைந்தது முதலில். வழக்குப் போட்டுத் தண்டித்துவிடக் கூடாது என்று ராஜாஜி அரசாங்கம் பாதுகாப்புக் கொண்டுவந்தது அதற்குப் பிறகு. எல்லோரையும் விடாத கோயிலுக்குள் போக மாட்டேன் என்றிருந்த காந்தி 1946ல் வந்து மீனாட்சியைக் கும்பிட்டார்.

சிம்மக்கல்: அதெல்லாம் பழைய கதை. இப்போது யார் தடுக்கிறார்கள்?

உத்தபுரம் நம் மாவட்டம்தான். தலித் மக்களைப் பிரித்துவைக்க 1989ல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை அதிகாரிகள் வந்து இடித்தது 2008 மே மாதம். அந்த ஊர் முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2011ல். அதற்குள் நீங்கள் ஸ்மார்ட்போனே வாங்கியிருப்பீர்கள்.

தும்பைப்பட்டிப் பக்கத்திலிருந்து: என் தாத்தா கடைசி வரைக்கும் மீனாட்சி கோயிலுக்குப் போகவில்லை. "கூப்பிடாத வீட்டுக்கு எதுக்கு"ன்னுவார். நான் போகிறேன். தப்பா?

ரெண்டு பேர் செய்ததும் சரி. இதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சிம்மக்கல்காரர் இதைப் படித்தால் நல்லது.

ஆரப்பாளையம்: ஏன் சார் முஸ்லிம்களை மட்டும்...
பழங்காநத்தம்: ஏன் சார் கிறிஸ்தவர்களை மட்டும்...

மூன்று பேரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

கோரிப்பாளையம்: கோயில் கடை வாடகை பாக்கி வழக்கில்...

வக்கீலிடம்.

தெப்பக்குளம்: ரசீது கேட்டால், "சாமி மேல் நம்பிக்கை இல்லையாம்மா?" என்று கேட்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது.

சாமி மேல் இருக்கிறது, உங்கள் ரசீதுப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று சொல்லுங்கம்மா. புத்தகத்தில் நம்பர் அச்சடித்திருக்கிறதா, அடிக்கட்டையிலும் அதே தொகை எழுதுகிறார்களா என்று நின்று பாருங்கள். அடிக்கட்டையை "அப்புறம் எழுதிக்கிறோம்" என்றால் பணத்தையும் அப்புறம் கொடுங்கள்.

மீதி வந்திருப்பதெல்லாம் "எங்களை மட்டும் ஏன்" வகைதான். அவற்றுக்குத் தனித்தனியாகப் பதில் கிடையாது.