நான்காவது பட்டையின் பேரில் வாங்கிய கடன்

கேள்வி: நான் இந்தியக் கடற்படையில் கமாண்டர். வயது 42, பணியில் 19 ஆண்டுகள் முடிந்துவிட்டன. அடிப்படைச் சம்பளம் 1,44,700 ரூபாய். கேப்டன் பதவிக்கான தேர்வுக் குழுவில் இரண்டு முறை என் பெயர் வரவில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு பாக்கி. என் மைத்துனரின் தொழிலுக்காக 15 லட்சம் தனிநபர் கடன் (11 சதவீதம், 5 ஆண்டு) வாங்கிக் கொடுத்தேன்; இன்னும் 36 தவணைகள் இருக்கின்றன. பிறகு சேமநிதியிலிருந்து 6 லட்சம் எடுத்துக் கொடுத்தேன். இரண்டுமே தேர்வு முடிவு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு நடந்தவை. பதவி உயர்வு வந்ததும் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இப்போது அவர் 40 லட்சம் கேட்கிறார். 20 ஆண்டு முடிந்ததும் ஓய்வு பெற்று, ஓய்வூதியத்தில் பாதியை முன்கூட்டியே ஒரே தொகையாக மாற்றி வாங்கி அவருக்குக் கொடுக்கலாமா? அல்லது வங்கியில் சொல்வது போல, ஒரு மேலாளர் நமக்காகப் பங்குகளை வாங்கி விற்கும் பி.எம்.எஸ். திட்டத்தில் போடலாமா? பாதுகாப்புத் துறைப் பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்டில் மாதம் 20,000 கட்டிவருகிறேன். அதில் 6 லட்சம் சேர்ந்திருக்கிறது. எதிர்காலம் நிச்சயமில்லை என்ற எண்ணம் தூங்கவிடுவதில்லை.

பதில்: ஓய்வூதிய விதிகளையும் சேமநிதியையும் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரே ஒரு வரிதான்: "இரண்டுமே தேர்வு முடிவு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு." கேப்டன் பதவியின் அடையாளமான, இன்னும் தோளில் ஏறாத நான்காவது பட்டையை இரண்டு முறை அடகு வைத்திருக்கிறீர்கள். மூன்றாவது முறையும் குழு கூடும் நேரம் நெருங்குகிறது, 40 லட்சம் என்ற பேச்சும் கூடவே வந்துவிட்டது. உங்களை வதைப்பது தேர்வுக் குழு என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வதைப்பது இந்தப் பழக்கம்.

அந்தப் பட்டை எவ்வளவு பணம் தரும் என்று ஒருமுறையாவது காகிதத்தில் எழுதிப் பார்த்தீர்களா? ஊதிய அட்டவணையில் நீங்கள் இருப்பது 12ஏ நிலை. கேப்டன் 13-வது நிலை. ஒரு ஊதிய உயர்வு சேர்த்து, அடுத்த நிலையில் பொருத்தினால் 1,44,700 என்பது 1,51,400 ஆகும். வித்தியாசம் 6,700. அகவிலைப்படியோடு பத்தாயிரத்துச் சொச்சம், வருமான வரி போகக் கைக்கு வருவது சுமார் 7,000. ராணுவப் பணி ஊதியம் 15,500 இரண்டு பதவிக்கும் ஒன்றேதான். நீங்கள் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 32,600. முதல் வாய்ப்பிலேயே கேப்டன் ஆகியிருந்தாலும் அந்தத் தவணையில் நான்கில் ஒரு பங்கைக்கூட இந்த உயர்வு அடைத்திருக்காது. எட்டாவது ஊதியக் குழு வந்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அதையும் இதே வரிசையில் வையுங்கள். வராத பணம் வராத பணம்தான்.

பதவி உயர்வு பணத்துக்காக மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரியும். உங்களுக்குக் கீழே பணியாற்றியவர் ஒரு நாள் நான்கு பட்டையோடு எதிரே வரும்போது முதலில் சல்யூட் அடிக்க வேண்டியவர் நீங்கள். அந்த வலிக்கு என்னிடம் கணக்கு இல்லை. மேலே போகப் போக இடங்கள் குறையும். நல்ல அதிகாரிகளும் பலர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். அது உங்கள் தகுதியின் மீது எழுதப்பட்ட தீர்ப்பு அல்ல. ஆனால் "நிச்சயமில்லை" என்ற சொல்லைப் பணத்தின் பக்கம் கொண்டுவராதீர்கள். தேர்வாகாவிட்டாலும் 54 வயது வரை வேலை உண்டு. 26 ஆண்டுப் பணி முடிந்தால் காலமுறைக் கேப்டன் பதவியும், அதே 13-வது நிலைச் சம்பளமும் பொதுவாகக் கிடைக்கும். அதாவது இன்னும் 12 ஆண்டுகள் மாதம் தவறாத வருமானம், அதன்பின் ஓய்வூதியம். எனக்குக் கடிதம் எழுதும் தனியார் துறைக்காரர்களில் 42 வயதில் இப்படி ஓர் உறுதி உள்ளவர்கள் மிகக் குறைவு.

இனி 20 ஆண்டு ஓய்வுக்கு வருகிறேன். அடுத்த ஆண்டு உங்கள் அடிப்படைச் சம்பளம் 1,49,000. ராணுவப் பணி ஊதியத்தைச் சேர்த்துப் பாதி என்றால் ஓய்வூதியம் சுமார் 82,000. அதில் பாதியை மாற்றினால் உங்கள் வயதுக்கு ஏறக்குறைய 44 லட்சம் வரும். வரி இல்லாத பணம் என்பது உண்மை. ஆனால் அதற்காக மாதம் 41,000 வீதம் 15 ஆண்டுகள் பிடிப்பார்கள். மொத்தம் 74 லட்சம். கிட்டத்தட்ட ஏழரை சதவீத வட்டிக்கு வாங்கிய கடன் போன்றது அது. அதில் 40 லட்சத்தை மைத்துனர் கையில் கொடுத்தால் உங்களிடம் மிஞ்சுவது 4 லட்சமும், பாதியாகிவிட்ட ஓய்வூதியமும். அகவிலைப்படி முழு ஓய்வூதியத்துக்கும் கிடைக்கும் என்றாலும், அதிலிருந்துதான் அந்த 32,600 தவணையும் போக வேண்டும். 54 வரை இருந்தால், எந்த ஊதியக் குழுவையும் சேர்க்காமலேயே, ஓய்வூதியம் மாதம் 1,10,000-ஐ எட்டும்.

வெளியேறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கையில் எழுத்துப்பூர்வமான வேலை உத்தரவு இருந்து, அந்த வேலை உங்களுக்குப் பிடித்தும் இருந்தால் தாராளமாகப் போகலாம். ஓய்வு பெறும் படையினரை வேறு வேலைக்குத் தயார்செய்யும் மறுவாழ்வு இயக்குநரகம் ஐ.ஐ.எம். நிறுவனங்களில் நடத்தும் 24 வாரப் படிப்புக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்று முதலில் விசாரியுங்கள். ஓய்வு மனுவில் கையெழுத்துப் போடும் நாளில் தனிநபர் கடன் பூஜ்யமாக இருக்க வேண்டும். கடன்காரன் எடுக்கும் முடிவு வேறு, கடன் இல்லாதவன் எடுக்கும் முடிவு வேறு.

பி.எம்.எஸ். பற்றி நீட்டிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. அதன் குறைந்தபட்ச முதலீடு 50 லட்சம். உங்களுக்கு வருவது 44. மீதி 6 லட்சத்துக்குச் சேமநிதியைக் கைகாட்டுவார்கள். வாழ்நாள் ஓய்வூதியத்தில் பாதியை வெட்டி எடுத்து, ஒரே மேலாளரின் கையில், பங்குச் சந்தையில் வைக்கிற திட்டத்தை உங்கள் நிலையில் இருக்கும் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதுகாப்புத் துறை ஃபண்டும் அப்படித்தான். சம்பளமும் அதே துறையிலிருந்து, முதலீடும் அதே துறையில் என்று எதற்கு? அதை விற்றுவிடுங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்களின் லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். கடனில் இப்போது நிற்கும் அசல் சுமார் 10 லட்சம். ஃபண்ட் பணம் 6 லட்சத்தை அதில் கட்டிவிட்டால் மிச்சம் 4 லட்சம். இதே தவணையில் 13 மாதங்களில் முடிந்துவிடும். முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்று மட்டும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் கட்டிவந்த 20,000-ஐயும் சேர்த்தால் எட்டு மாதம் போதும்.

கடினமான பகுதி மைத்துனர்தான். நீங்கள் கடலில் இருந்தபோது உங்கள் மனைவியின் பிரசவத்துக்கு இரவெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர் அவர் என்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நன்றி மறக்கக்கூடியது அல்ல. ஆனால் 21 லட்சம் கொடுத்த பிறகும் தொழில் காலூன்றவில்லை என்றால், அடுத்த 40 லட்சம் அதைக் காலூன்ற வைக்குமா என்று அவரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மூன்று ஆண்டு வரவுசெலவுக் கணக்கைக் கேளுங்கள். உங்கள் மனைவி உடன் இருக்கும்போது கேளுங்கள். அவருடைய தம்பி என்பதால் மட்டும் அல்ல, குறையப்போவது அவருடைய ஓய்வுக்கால வருமானமும் என்பதால். "இனி ஓய்வூதியத்தின் மீது கடன் இல்லை, தம்பி. மாதம் 10,000 உன்னால் திருப்ப முடிந்தால் அதை எழுதிக்கொள்வோம்" என்று சொல்லுங்கள். பதவி உயர்வைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வார்த்தையும் வர வேண்டாம். அந்தச் சொல் வந்த இடத்தில்தான் இதற்கு முன் இரண்டு முறையும் கையெழுத்து விழுந்திருக்கிறது.

கடன் முடிந்த மாதத்திலிருந்து அந்த 32,600-ஐச் சேமநிதிக்குத் திருப்புங்கள், இப்போதைக்கு 7.1 சதவீத வட்டி, சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள் என்பதால் யாருக்கும் சட்டென்று எடுத்துக் கொடுக்கவும் வராது. சம்பளப் பட்டியலில் அந்த மாற்றம் ஏறியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஓய்வு மனுவைப் பற்றி அப்போது பேசுவோம்.