வேகமான திறந்த விசைப்படகுக்கு ஹெட்செட் வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் கொடுத்த விவரம் இது: கூரையோ முன்கண்ணாடியோ இல்லாத 7 மீட்டர் படகு, பின்னால் இரண்டு அவுட்போர்டு இன்ஜின், 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டர்) வரை வேகம், நான்கு பேர். ஓடும்போது ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்பதில்லை. கம்பி உள்ள ஹெட்செட் நல்லதா, கம்பி இல்லாததா, விமானிகள் போடுவது போன்றதா, இல்லை பைக் ஹெல்மெட்டில் மாட்டும் ப்ளூடூத்தே போதுமா?

முதலில் மைக்கைப் பாருங்கள். காதுப் பக்கம் அடுத்தது. கம்பி உண்டா இல்லையா என்பதைக் கடைசியில் யோசித்தால் போதும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

நான் பாய்மரப் படகுப் பந்தயங்களுக்குப் பாதுகாப்புப் படகு ஓட்டுகிறேன். ஹெட்செட் இல்லாத நாட்களில், அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார்ந்திருந்த நண்பர் ஒருமுறை திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினார். வாய் அசைவது தெரிந்தது, கை ஒரு பக்கமாக நீண்டது. அந்தப் பக்கம் போகச் சொல்கிறார் என்று நினைத்துத் திருப்பினேன். அவர் சொன்னது “வலை”. இன்ஜின் சத்தம் கனத்து, ஒரு உதறலோடு நின்றது. வலையின் மேல்கயிறு புரொப்பல்லரில் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. கத்தியால் இழை இழையாக அறுத்து எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் மற்றவர்களைக் காப்பாற்ற நிற்கவேண்டிய படகு அந்த இரண்டு மணி நேரமும் அசையாமல் கிடந்தது. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

40 நாட் என்றால் விநாடிக்கு 20 மீட்டருக்குச் சற்று மேல். “என்ன?” என்று கேட்டு, அவர் திரும்பச் சொல்ல இரண்டு விநாடி போனால், படகு 40 மீட்டர் முன்னே போயிருக்கும். முதல் தடவையிலேயே சொல் புரிய வேண்டும். ஹெட்செட் வாங்குவது அதற்காகத்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் வாங்கியது, சத்தத்தை மின்னணு முறையில் குறைக்கும் வகை. படகுத்துறையில் கட்டியிருந்த படகில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தபோது அருமையாக இருந்தது. கடலில் 25 நாட்டைத் தாண்டியதும் காதுக்குள் ஒரே இரைச்சல். குரல் வந்தால் தானாகத் திறக்கும் மைக் அது. காற்றையும் குரல் என்று எடுத்துக்கொண்டு நான்கு மைக்கும் திறந்துகொண்டன. நான்கு பேர் வாயருகே அடிக்கும் காற்று நான்கு பேர் காதிலும் கொட்டியது. பத்து நிமிடத்தில் எல்லோரும் கழற்றிவிட்டோம்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் தேர்ந்தெடுப்பது எளிது. 40 நாட்டில் போகும் படகுக்கு எதிரே 15 நாட் காற்று அடித்தால், உங்கள் முகத்தில் படுவது மணிக்கு நூறு கிலோமீட்டர் காற்று. இரைச்சலை நீக்கும் மைக்குக்கு முன்னும் பின்னும் இரண்டு திறப்புகள் இருக்கும். தூரத்திலிருந்து வரும் இன்ஜின் சத்தம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் படுவதால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். உங்கள் உதடு முன்திறப்பை ஒட்டி இருப்பதால் குரல் மட்டும் நிற்கும். உதட்டிலிருந்து ஒரு விரற்கடை விலகினாலே குரலும் தூரத்துச் சத்தம்போல ஆகிவிடும், அதையும் சேர்த்து அழிக்கும். அதனால் மைக் உதட்டில் படாத குறையாக, வாயோரத்தில், மூச்சுக்காற்று நேராக விழாத இடத்தில் இருக்க வேண்டும்.

காற்று வேறு விதமான சிக்கல். அது மைக்கின் ஓரங்களில் மோதிச் சுழல்கிறது. சுழல் இரண்டு திறப்புகளிலும் ஒரே மாதிரி படுவதில்லை, ஆகவே அழிவதும் இல்லை. அதைத் தடுப்பது தடிமனான பஞ்சு உறைதான். ஹெட்செட்டைக் கையில் எடுத்ததும் முதலில் அந்த உறையைப் பாருங்கள். தடிமனாக இருக்கிறதா? கழன்று பறக்காமல் பிடித்துக்கொள்ள வளையமோ கட்டோ இருக்கிறதா? தனியாக வாங்கக் கிடைக்கிறதா? அப்புறம் மைக்கைத் தாங்கும் கம்பியை வளைத்துவிட்டுத் தலையை நன்றாக உதறுங்கள். படகு அலையில் அறைந்து விழும்போது தொங்கிப்போகிற கம்பி, நல்ல மைக்கையும் கெடுத்துவிடும்.

மைக் எப்போது திறக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். குரலுக்குத் தானாகத் திறக்கும் முறை திறந்த படகில் வேகத்துக்குத் தாங்காது. பொத்தானை அழுத்திப் பேசும் முறையே நல்லது என்று பலர் சொல்வார்கள், பாதி சரி. அணியத்தில் இருப்பவர் இரண்டு கையாலும் பிடிமானத்தைப் பிடித்திருக்கிறார். ஓட்டுபவருக்கு ஒரு கை ஸ்டீயரிங்கில், இன்னொன்று த்ராட்டிலில். அவசரத்தில் பேசவேண்டியவர்களுக்குத்தான் கை காலியாக இல்லை. எங்கள் படகில் ஓட்டுபவர், முன்னால் பார்ப்பவர் இருவரின் மைக்கும் எப்போதும் திறந்திருக்கும், மற்ற இருவருக்கும் பொத்தான். திறந்த மைக் இரண்டோடு நின்றால் இரைச்சல் பொறுக்கும் அளவில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு ஹெட்செட்டையும் தனித்தனியாகத் திறக்கவும் அடைக்கவும் முடிகிற அமைப்பாகப் பாருங்கள். நான்கையும் ஒரே ஸ்விட்சில் கட்டிப்போடும் அமைப்பு வேண்டாம். உங்கள் குரலே உங்கள் காதில் மெல்லக் கேட்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் எல்லோரும் தன்னையறியாமல் கத்துவார்கள், மைக் கரகரக்கும்.

மற்ற படகுகளோடும் கரையோடும் பேசும் விஎச்எஃப் ரேடியோவை இணைப்பதாக இருந்தால் அதற்குப் பொத்தான் மட்டும்தான், அதுவும் ஓட்டுபவரிடமும் இன்னொருவரிடமும் இருந்தால் போதும். ரேடியோ 16ஆம் சேனலில் ஒலிபரப்பிலேயே மாட்டிக்கொண்டால், அபாய அழைப்புக்கான அந்தச் சேனலைச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் பயன்படுத்த முடியாது. படகுக்குள் பேசுவது ரேடியோவில் கசியவில்லை என்பதை இன்னொரு கையடக்க ரேடியோவை வைத்துக் கட்டாயம் சோதித்துப் பாருங்கள்.

சரி, காதுப் பக்கம். வேகத்தில் போகும் திறந்த படகில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் வரை என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 97 டெசிபலில் அரைமணி நேரம்தான். ஹெட்செட் பெட்டியில் சத்தக் குறைப்பு அளவு 24 டெசிபல் என்று அச்சிட்டிருந்தால் 24ஐ அப்படியே கழித்துவிடாதீர்கள். அதிலிருந்து 7ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கு என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. அப்படிப் பார்த்தால் எட்டரை டெசிபல். 97 என்பது 88.5 ஆகும், அரைமணி நேரம் மூன்றரை மணி நேரம் ஆகும். காதுக்குள் பஞ்சு அடைப்பானும் போட்டால் இன்னும் 5 டெசிபல் வரை குறையும்.

இந்தக் கணக்கெல்லாம் காதுமூடி தலையோடு ஒட்டி உட்கார்ந்தால்தான். மூக்குக்கண்ணாடிக் காம்பு தடிமனாக இருந்தால் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விழும், அதன் வழியே சத்தம் நேராக உள்ளே போகும். மெல்லிய காம்புள்ள கண்ணாடியும், வளைந்து கொடுக்கும் ஜெல் மெத்தையும் விலையுயர்ந்த மின்னணுவைவிட அதிகம் உதவின.

மின்னணுச் சத்தக் குறைப்பு விமானத்தில் அருமையாக வேலை செய்கிறது, மறுப்பதற்கில்லை. அங்கே சத்தம் ஒரே சீரான, தாழ்ந்த உறுமல். அந்த முறை வெட்டுவதும் தாழ்ந்த ஒலிகளைத்தான். படகில் அதோடு காற்றின் சீறலும் அலையின் அறைதலும் சேர்ந்து வருகின்றன. ஒவ்வொரு அறைதலிலும் காதுமூடி ஒரு கணம் தூக்கிப் போடுகிறது, கருவி தடுமாறிக் காதில் ‘டப்’ என்று அடிக்கிறது. தடித்த மூடியாலேயே சத்தத்தைத் தடுக்கும் சாதாரண வகையே திறந்த படகுக்குச் சரி என்பது என் முடிவு. காதைத் திறந்துவைத்து எலும்பு வழியே கேட்கவைக்கும் வகை வேண்டவே வேண்டாம். காதுக்குப் பாதுகாப்பும் இல்லை, இந்த இரைச்சலில் சொல்லும் புரியாது.

கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் 5ஆம் விதி, கண்ணாலும் காதாலும் கவனிக்கச் சொல்கிறது. காதை மூடிக்கொண்டால் மற்ற கப்பலின் ஊதல் கேட்காது. முழு வேகத்தில் வெறுங்காதுக்கும் அது கேட்கப்போவதில்லை. ஆனால் பனிமூட்டத்தில் மெதுவாகப் போகும்போது ஒருவராவது ஹெட்செட்டைக் கழற்றிவிட வேண்டும். நாங்கள் வேகம் குறைந்ததும் முன்னால் இருப்பவர் கழற்றிவிடுவது என்று வைத்திருக்கிறோம்.

கம்பியைப் பற்றி: கம்பி உள்ளது எளிமை, சார்ஜ் செய்ய வேண்டாம். ஆனால் ஆள் தூக்கியெறியப்படும்போது அது கழுத்தையோ கையையோ இழுக்கக்கூடாது. லேசாக இழுத்தாலே பிரிந்துவிடும் இணைப்பு கட்டாயம். ஓட்டுபவரின் காலில் இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு மாட்டியிருக்கும், ஹெட்செட் கம்பி அதோடு பின்னிக்கொள்ளாதபடி மறுபக்கமாகக் கொண்டுபோங்கள். கயிறு கட்டவும் மற்றவரைத் தண்ணீரிலிருந்து தூக்கவும் எழுந்து நடப்பவர்களுக்குக் கம்பி இல்லாததுதான் வசதி. அதில் டெக்ட் வகையை, அதாவது வீட்டுக் கம்பியில்லாத் தொலைபேசிகளில் இருக்கும் ரேடியோ முறையை, நான் விரும்புகிறேன். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசலாம், படகு அளவு தூரத்தில் துண்டிப்பதும் குறைவு. ப்ளூடூத் இருவருக்கு, மிதமான வேகத்துக்குப் போதும். ஒரு எச்சரிக்கை: டெக்ட் அலைவரிசை ஐரோப்பாவில் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 1920 முதல் 1930. ஓரிடத்துக் கருவியை இன்னோரிடத்தில் பயன்படுத்துவது சட்டப்படி தவறாகலாம். நீங்கள் ஓட்டும் நாட்டுக்கு உரியதை வாங்குங்கள்.

தண்ணீர் தாங்கும் அளவில் ஒரு பொறி இருக்கிறது. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். ஆனால் பீறிட்டு அடிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை, அது தனிச் சோதனை. 40 நாட்டில் முகத்தில் அறையும் தெறிப்பு பீறிட்டு அடிக்கும் தண்ணீர்தான். பீறிடும் தண்ணீருக்கான ஐபி66, மூழ்குவதற்கான ஐபி67 இரண்டும் போட்டிருந்தால் நல்லது. அந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை, உப்புக்கு அவை எதுவும் சொல்வதில்லை. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பஞ்சு உறையைக் கழற்றி அலசி, நிழலில் காயவைப்போம். உலர்ந்த உறையை விரலால் நசுக்கினால் நறநறவென்று உப்பு கொட்டும். அது உள்ளே இருக்கும்வரை குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலத்தான் வரும்.

எடையையும் பாருங்கள். 400 கிராம் ஹெட்செட், ஐந்து மடங்கு புவியீர்ப்பு விசையில் அறையும்போது கழுத்துக்கு 2 கிலோவாகத் தெரியும். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அணிந்து பாருங்கள். கழுத்துக்குப் பின்னால் வரும் பட்டை அதன் காலரில் இடித்தால், தலையைத் திருப்பும்போதெல்லாம் காதுமூடி விலகும்.

வாங்குவதற்கு முன் இரண்டு ஹெட்செட்டாவது கடன் வாங்கிக் கடலுக்கு எடுத்துப் போங்கள். எதிர்க்காற்றில் முழு வேகம் போய், முன்னால் இருப்பவர் மனம்போனபடி இருபது சொற்களைச் சொல்லட்டும், பின்னால் இருப்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். நாங்கள் இப்படிச் செய்தபோதுதான் தெரிந்தது, வலது என்பதும் இடது என்பதும் காற்றில் ஒன்றாகிவிடுகின்றன. சொல்லின் முன்பகுதியைக் காற்று தின்றுவிடுகிறது, மிஞ்சுவது ‘அது’ மட்டும். அதனால் திசையைக் கடிகார முள்ளாகச் சொல்லத் தொடங்கினோம். இப்போது அணியத்திலிருந்து “ரெண்டு மணி, வலை” என்று ஒருமுறை வந்தால் போதும், அவர் கை நீள்வதற்கு முன்பே நான் த்ராட்டிலை இழுத்திருப்பேன்.