கேள்வி – பதில்: நண்பர்கள் இருக்கையில் படை எதற்கு?

கேள்வி: எழுநூறு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய பரப்புள்ள சிங்கப்பூர், தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 3 விழுக்காட்டைத் தற்காப்புக்குச் செலவிடுகிறது. அண்டை நாடுகளோடு சுமுக உறவும் அமெரிக்காவின் நெருக்கமும் இருக்கும்போது இது மிகையில்லையா?

பதில்: மிகையில்லை என்றே நான் கருதுகிறேன். அதற்கான காரணம் 1942 பிப்ரவரி 15 அன்று நடந்ததில் இருக்கிறது. வீழ்த்த முடியாத கோட்டை என்று பிரிட்டன் சொல்லிவந்த தீவு, அன்று மாலை புக்கிட் தீமாவில் இருந்த ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில் ஜப்பானியரிடம் சரணடைந்தது. சரணடைந்த படையினர் ஏறத்தாழ 80,000 பேர். தாக்கிய படையோ எண்ணிக்கையில் அதைவிடச் சிறியது. காப்பதாக வாக்களித்த பேரரசுக்கு அப்போது ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் இதைவிட அவசரமான போர்கள் இருந்தன. அந்தத் தோல்விக்கான விலையை மூன்றரை ஆண்டுக் காலம் செலுத்தியவர்கள், போர் குறித்த எந்த முடிவிலும் பங்கில்லாத தீவின் மக்கள். அந்த நாளைத்தான் சிங்கப்பூர் இன்று முழுமைத் தற்காப்பு தினமாக அனுசரிக்கிறது.

1965 ஆகஸ்ட் 9இல் மலேசியாவிலிருந்து பிரிந்து நாடு தனியானபோது கையில் இருந்தவை இரண்டே காலாட்படைப் பிரிவுகள். இந்தோனேசியாவுடனான மோதல் அப்போது இன்னும் ஓயவில்லை. அதே ஆண்டு மார்ச்சில்தான் ஆர்ச்சர்ட் சாலையின் மெக்டொனால்டு ஹவுஸ் கட்டடத்தில் இந்தோனேசியப் படையினர் வைத்த குண்டு மூவரைக் கொன்றிருந்தது. படையைக் கட்டியெழுப்ப உதவுமாறு இந்தியாவையும் எகிப்தையும் பிரதமர் லீ குவான் இயூ கேட்டார். வாழ்த்துகள் வந்தன, படைப் பயிற்சியாளர்கள் வரவில்லை. கடைசியில் வந்தவர்கள் இஸ்ரேலியர்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அண்டை நாடுகளின் சினத்தைக் கிளறக் கூடாதென்று அவர்களை 'மெக்சிகோக்காரர்கள்' என்று சொல்லி வைத்திருந்தார்கள். 1967இல் கட்டாயத் தேசிய சேவைக்கு, அதாவது இளைஞர்கள் படையில் பணியாற்றுவதற்கு, சட்டம் வந்தது. மறு ஆண்டே, 1971க்குள் தன் படைகளை விலக்கிக்கொள்ளப்போவதாக பிரிட்டன் அறிவித்துவிட்டது.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய ஐந்து நாடுகளின் தற்காப்பு ஏற்பாடு அந்த 1971இல் பிறந்ததுதான். மலேசியாவோ சிங்கப்பூரோ தாக்கப்பட்டால் ஐவரும் உடனடியாகக் கலந்தாலோசிப்பார்கள் என்பதே அதன் சாரம். படை அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. அதற்காக அதைப் பயனற்றது என்று நான் தள்ளிவிட மாட்டேன். கசப்போடு பிரிந்த இரு அண்டை நாடுகளின் அதிகாரிகள் ஆண்டுதோறும் ஒரே மேசையில் அமர்ந்து வான்காப்பைத் திட்டமிட வைத்தது அந்த ஏற்பாடு. அவர்களுக்கிடையே அரை நூற்றாண்டாக வளர்ந்த பழக்கம் எந்த ஏவுகணைக்கும் குறைந்ததல்ல. அமெரிக்காவுக்கும் 1990இல் செய்த உடன்பாட்டின்படி சிங்கப்பூர் தன் தளங்களைப் பயன்படுத்த இடம் தருகிறது. சாங்கி கடற்படைத் தளத்தில் விமானந்தாங்கிக் கப்பலே வந்து நிற்கலாம். ஆனாலும் ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் போரில் இறங்க வேண்டும் என்ற ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் இடையில் இல்லை.

நண்பர்கள் வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க முடியாத நாட்டுக்கு நண்பர்கள் வந்தும் பயனில்லை. சிங்கப்பூரின் லிம் சூ காங் சாலையில் விமானப்படை நடத்தும் பயிற்சியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். விளக்குக் கம்பங்களையும் பேருந்து நிறுத்தங்களையும் சாலைத் தடுப்புகளையும் கழற்றி எடுத்து, தரையில் ஒரு சிறு கல்கூட இல்லாமல் கூட்டித் துடைத்து, இரண்டரை கிலோமீட்டர் சாலையை ஓடுபாதையாக்கி அதில் போர் விமானங்களை இறக்கி ஏற்றுகிறார்கள். விமானத் தளம் முதல் நாளிலேயே தகர்க்கப்பட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் அந்தச் சாலையில் இருக்கிறது. தீவுக்குள் பின்வாங்கப் பின்னிலம் கிடையாது என்பதால்தான் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பிரான்சிலும், நம் மேற்கு வங்கத்தின் கலைக்குண்டா விமானத் தளத்திலும்கூட, அவர்கள் பயிற்சிக்கு இடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கோ இருக்கும் உக்ரைனுக்காக 2022இல் சிங்கப்பூர் ரஷ்யாமீது தடை விதித்தது தேவையற்ற வம்பு அல்லவா?

பதில்: பெரிய நாடு, வரலாற்றைக் காரணம் காட்டிச் சிறிய நாட்டின் எல்லையைத் தாண்டினால் அதை ஏற்கக் கூடாது என்பது சிங்கப்பூருக்கு உயிர்ப் பிரச்சினை. 1983இல் அமெரிக்கா, கரீபியன் தீவு நாடான கிரெனடாவுக்குள் படையோடு நுழைந்தபோது அதைக் கண்டித்த ஐ.நா. தீர்மானத்துக்கும் சிங்கப்பூர் ஆதரவாகவே வாக்களித்தது. நண்பன் செய்தாலும் தவறு தவறே என்று சொன்னவர்களின் சொல்லுக்குத்தான் 2022இல் மதிப்பு இருந்தது.

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரின் நிரந்தரவாசிகள். எங்கள் மகனுக்குத் தேசிய சேவை அழைப்பு வந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகள் வீண்தானே என்று உறவினர்கள் சொல்வது என்னை வாட்டுகிறது. என்ன செய்யட்டும், ஐயா?

பதில்: அம்மா, உங்கள் கவலையைச் சிறிதென்று நினைக்கவில்லை. வயது பதினெட்டை ஒட்டிய பிள்ளையை அனுப்பிவைப்பது எந்தத் தாய்க்கும் எளிதல்ல. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிட்டால், பிற்காலத்தில் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது எதிராக நிற்கும் என்பதை முதலில் நினைவில் வையுங்கள். படிப்பு வீணாகும் என்ற அச்சம் வேண்டாம். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தைச் சேவை முடியும்வரை அவனுக்காக வைத்திருப்பார்கள். ஆனால் முழுநேர இரண்டு ஆண்டுகளோடு கடமை முடிந்துவிடாது. நாற்பது வயதுவரை, அதிகாரியானால் ஐம்பதுவரை, அழைத்தால் போக வேண்டியிருக்கும். படைகளைத் திரட்டிப் பார்க்கும் பயிற்சி நாளில் தொலைக்காட்சியில் ஒரு குறிச்சொல் ஓடும். அலுவலகத்தில் இருப்பவரும் கடையில் இருப்பவரும் சில மணி நேரத்தில் சீருடையோடு முகாமுக்கு வந்துவிட வேண்டும். அந்தப் படையின் பெரும்பகுதி இவர்கள்தான் என்பதால், உங்கள் மகனை விட்டுவிட்டு அந்த நாட்டின் தற்காப்பைப் பற்றிப் பேச முடியாது.

சேரும் நாளில் பெற்றோரையும் படகில், அடிப்படைப் பயிற்சி முகாம் உள்ள தெக்கோங் தீவுக்கு அழைத்துப் போவார்கள். அவன் படுக்கப்போகும் கட்டிலைப் பார்க்கலாம், அவனோடு உணவுக்கூடத்தில் அமர்ந்து சாப்பிடலாம். தவறாமல் போய் வாருங்கள். மனத்தில் இருக்கும் கேள்விகளை அங்குள்ள அதிகாரிகளிடமே தயங்காமல் கேளுங்கள்.